கடல் முன்பும் வந்ததா?



2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி காலை கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரமெங்கும் மையவாடிகள் நிறைந்தன. இலங்கையிலே கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான். "கடல் இப்படி வந்ததாக எங்கட மூத்தவாப்பாகூடச் சொல்லவில்லையே" என்று முதியவர்கள் அங்கலாய்த்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடியபோது அறிந்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மனிதர் மறந்ததைச் சேறு மறப்பதில்லை. கடலடியிலும் களப்பிலும் அடையல் படிந்துகொண்டே இருக்கிறது. கீழே உள்ளது பழையது. மேலே உள்ளது புதியது. நீண்ட குழாயை இறக்கி உருவினால், குழலிலிருந்து தள்ளிய பிட்டைப் போல, அடுக்குக் கலையாமல் அது வெளிவரும்.

கடலடையலைக் கழுவி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மணற்பருமனில் சின்னஞ்சிறு ஓடுகள் தென்படும். போராமினிபெரா என்னும் ஒருகல உயிர்களின் வீடுகள் அவை. கடல்நீரிலுள்ள காபனைக் கொண்டு அவை சுண்ணாம்பு ஓட்டைக் கட்டுகின்றன. அக்காபனில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ளது. உயிர் போனதும் வரவு நின்றுவிடும்; இருப்பு மட்டும் கரையும். 5,730 ஆண்டில் பாதி. மேலும் 5,730 ஆண்டில் அந்தப் பாதியிலும் பாதி. எஞ்சியதை அளந்தால் வயது தெரியும். ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை இக்கணக்குச் செல்லும். இவ்வழியைக் கண்ட வில்லார்ட் லிபிக்கு 1960 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஓட்டின் வாக்குமூலத்தை அப்படியே ஏற்கலாகாது. ஆழ்கடல் நீர் நெடுங்காலம் காற்றைக் காணாதது. அது மேல்நீரோடு கலப்பதால், பழஞ்சோறு கலந்த புதுச்சோறு போல, இன்றைய ஓடும் சராசரியாக 400 ஆண்டு முதுமை காட்டும். அதைக் கழிக்க வேண்டும். இன்னொன்று, பேரலை அள்ளிவந்த ஓடுகள் எப்போதோ இறந்தவையாக இருக்கலாம். ஆகவே அலை வந்த காலத்தை அறிய, மணலுக்குக் கீழும் மேலும் அமைதியாகப் படிந்த சேற்றையும் விசாரிக்க வேண்டும்.

எங்களுக்குத் தெற்கே, அம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் ஆய்வாளர் இப்படித்தான் குழாய் இறக்கினார்கள். சேற்றுக்கிடையே கடல் மணல் அடுக்கடுக்காகக் கிடந்தது. அதை 2004 இல் படிந்த மணலோடு ஒப்பிட்டு, காபன் முறையில் காலமும் கணித்தார்கள். முடிவுகள் 2014 இல் வெளியாயின. உத்தேசமாக 2,400 முதல் 6,700 ஆண்டுகளுக்கு முன்னர், ஏழு பேரலைகள்! அவற்றுக்கிடையே சில நூற்றாண்டுகள். ஒரு முறை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள்.

ஆம், கடல் முன்பும் வந்திருக்கிறது. ஊரின் நினைவு நாலு தலைமுறை. சேற்றின் நினைவு ஏழாயிரம் ஆண்டு. அடுத்தது எப்போதென்று சேறு சொல்லாது. மூத்தவாப்பா சொல்லாததை நாமாவது பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்: கடல் திடீரென்று உள்வாங்கினால் சிப்பி பொறுக்கப் போகாதே, மேட்டை நோக்கி ஓடு.