ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் யார் கொடுப்பது? மாலைதீவு தரும் பாடம்

கொடுக்க வேண்டிய பணம் நின்றுபோனால் ஒப்பந்தமும் அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் எம்மில் பலர் நினைக்கிறோம். கல்முனையில் கடை வாடகை, சவளக்கடையில் வயல் குத்தகை, மேசன் பாஸிடம் ஒப்படைத்த வீட்டு வேலை என எதை எடுத்தாலும் பிணக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஒருவர் "காசு தரவில்லை" என்கிறார். மற்றவர் "வேலை சரியில்லை, இனி நீங்கள் வேண்டாம்" என்கிறார்.

உண்மையில் இவை இரண்டு கேள்விகள். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. ஒப்பந்தத்தை நிறுத்தும் உரிமை யாருக்கு, எந்த வழியில் உண்டு என்பது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை எமது அயல்நாடான மாலைதீவின் விமான நிலைய விவகாரம் காட்டுகிறது.

2010 ஜூன் மாதம் மாலே சர்வதேச விமான நிலையத்தை 25 வருடங்களுக்கு நடத்தும் பொறுப்பு இந்தியாவின் ஜீ.எம்.ஆர் நிறுவனம் தலைமையிலான கூட்டு முயற்சிக்கு வழங்கப்பட்டது. மலேசிய விமான நிலைய நிறுவனமும் அதில் பங்காளி. திட்டத்தின் பெறுமதி சுமார் 511 மில்லியன் டொலர். நிறுவனம் அரசுக்கு முற்பணம் செலுத்த வேண்டும். பின்னர் வருமானத்தில் ஒரு பங்கையும் கட்டணமாகத் தொடர்ந்து செலுத்த வேண்டும்.

பிணக்கு 25 டொலரில் ஆரம்பித்தது. நாட்டை விட்டுப் புறப்படும் பயணிகளிடம் தலைக்கு 25 டொலர் அபிவிருத்திக் கட்டணம் அறவிட ஒப்பந்தம் இடமளித்தது. அது பாராளுமன்ற அனுமதியில்லாத வரி என எதிர்க்கட்சியொன்று வழக்குத் தொடர்ந்தது. 2011 டிசம்பரில் மாலைதீவு சிவில் நீதிமன்றம் அந்த அறவீட்டைத் தடுத்தது. அந்த இழப்பை, அரசுக்குக் கொடுக்க வேண்டிய கட்டணத்தில் கழித்துக்கொள்ள அப்போதைய அரசாங்கத் தரப்பு இணங்கியது. 2012 பெப்ரவரியில் ஆட்சி மாறியது. புதிய நிர்வாகம் அந்த இணக்கத்தை ஏற்கவில்லை. அரசுக்கு வர வேண்டிய பணம் பெருமளவு குறைந்துவிட்டது என்ற கோபம் வீதிக்கும் வந்தது.

கட்டணம் எவ்வளவு பாக்கி என்பது கணக்குப் பார்த்தோ நடுத்தீர்ப்பு மூலமோ தீர்க்கக்கூடிய விடயம். ஆனால் 2012 நவம்பர் 27 ஆம் திகதி, ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லுபடியற்றது என்று கூறி, விமான நிலையத்தை ஏழு நாட்களில் ஒப்படைக்குமாறு அரசாங்கம் அறிவித்தது.

நிறுவனம் சிங்கப்பூர் மேல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. டிசம்பர் 6 ஆம் திகதி அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. விமான நிலையமும் அரசின் கைக்கு வந்தது. மாலேயில் பலர் இதை வெற்றியாகவே பார்த்தார்கள். ஆனால் நீதிமன்றம் சொன்னது, ஓர் அரசு தன் நாட்டின் விமான நிலையத்தைப் பொறுப்பேற்பதைத் தடுக்க முடியாது என்பதை மட்டுமே. அப்படிச் செய்தது ஒப்பந்த மீறலா, மீறல் என்றால் நட்டஈடு எவ்வளவு என்பது நடுத்தீர்ப்புக்கு விடப்பட்டது.

2014 ஜூனில் நடுத்தீர்ப்பாயம் ஒப்பந்தம் செல்லுபடியானது என்றே தீர்ப்பளித்தது. இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. பொதுநலன் கருதி உரிய அறிவித்தலும் இழப்பீடும் கொடுத்து அரசு விலகிக்கொள்ள ஒப்பந்தத்திலேயே ஒரு வழி இருந்தது. அந்த வாசகத்தின்படி கொடுக்க வேண்டிய தொகையே நட்டஈட்டின் எல்லை எனத் தீர்ப்பாயம் கூறியது. நூறு கோடி டொலரைத் தாண்டிய கோரிக்கை அதனால்தான் குறைந்தது. ஒப்பந்தமே இல்லை என்று அரசு வாதாடியது. கடைசியில் அரசைக் காப்பாற்றியது அந்த ஒப்பந்தத்தின் ஒரு வாசகம்தான்.

அப்படியும் 2016 இல் மாலைதீவு செலுத்திய தொகை சுமார் 270 மில்லியன் டொலர். அப்போது ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் அது தலைக்குப் பல நூறு டொலர். முடிவெடுத்தவர்கள் சிலர், கொடுத்தது பொதுமக்களின் திறைசேரி.

இனி எமது ஊருக்கு வருவோம். ஆசிரியர் என்பதால் "ஒரு கடிதம் எழுதித் தாங்க சேர்" என்று என்னிடம் வருவோர் உண்டு. பெரும்பாலும் வாய்ப்பேச்சில் செய்த ஒப்பந்தம். பிரச்சினை தொடங்கி வருடக்கணக்காகி இருக்கும். இலங்கையின் காலவிதிப்புச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் மீது பொதுவாக 6 வருடங்களுக்குள் வழக்குத் தொடரலாம். எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு 3 வருடங்கள்தான். "நம்ம ஆள்தானே" என்று எழுதாமல் விட்டவர் பாதிக் காலத்தை அன்றே இழந்துவிடுகிறார்.

பணம் வரவில்லை என்றால் முதலில் தொகையையும் தவணையையும் குறிப்பிட்டு எழுத்தில் கோர வேண்டும். பிறகு ஒப்பந்தத்தில் விலகும் வழி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் கடைக்குப் பூட்டுப் போடுவதும், வேலையாளை வெளியேற்றுவதும், பொருளைத் தடுத்து வைப்பதும் நியாயம் உள்ளவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக்கூடும். சிறிய பிணக்குகளுக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. பெரிய ஒப்பந்தங்களுக்கு 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் இருக்கிறது. தொகை பெரிதென்றால் கையொப்பமிட முன்னரே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282 ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. சாட்சி வைப்பதையும் அது சொல்கிறது. ஜும்ஆவில் பலமுறை கேட்ட விடயம்தான். கடை வாசலுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

எழுதும்போது "மாதம் இவ்வளவு" என்பதோடு நின்றுவிடக் கூடாது. பணம் பிந்தினால் என்ன, யார் எத்தனை நாள் அறிவித்தல் கொடுத்து விலகலாம், விலகினால் முற்பணம் யாருக்கு, பிணக்கு வந்தால் யாரிடம் போவது என்ற நான்கையும் சேர்த்து எழுத வேண்டும். இவற்றை இரு தரப்பும் சிரித்த முகத்தோடு பேசக்கூடிய நாள், ஒப்பந்தம் செய்யும் அந்த முதல் நாள்தான்.