பெயர் சொல்லிப் பாடிய பாடகர்

சத்திரம் பேருந்து நிலையத்தில் விமான நிலையப் பேருந்து ஏறினால், வழியில் மத்திய சிறைச்சாலை வரும். அதன் மதிலைக் கண்டதும் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அவ்வாறு திருப்பிக்கொள்ளாத ஒருவரைப் பற்றி அறிவோம்.

அமெரிக்க கிராமிய இசைப் பாடகர் ஜானி கேஷ், 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குச் சென்று, அங்குள்ள உணவுக் கூடத்தில் கைதிகள் முன்னிலையில் இருமுறை பாடினார். அங்கேயே பதிவு செய்யப்பட்ட பாடல்கள் அவ்வாண்டே இசைத்தட்டாக வெளிவந்தன. கைதிகளின் ஆரவாரம் அதில் கேட்கிறது. ஒலிபெருக்கி கைதிகளை எண் சொல்லி அழைப்பதும் கேட்கிறது.

ஆனால் கேஷ் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கிளென் ஷெர்லி என்ற கைதி, சிறைக்குள் இருந்த சிற்றாலயத்தைப் பற்றி ஒரு பாடல் இயற்றியிருந்தார். முதல்நாள்தான் அதைக் கேட்ட கேஷ், இரவோடிரவாகப் பயின்று, மறுநாள் அவர் பெயரை அறிவித்துப் பாடினார். முன்வரிசையில் அமர்ந்திருந்தார் ஷெர்லி!

சிறையிலிருப்போரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் படிக்கிறோம். மாணவியரான நாம் சிறைக்குள் செல்ல இயலாது. ஆயினும் அம்மதிலைக் கடக்கையில், உள்ளிருப்போரும் பெயருள்ள மனிதரே என்றெண்ணி ஒரு சிறு செபம் சொல்லலாம் அல்லவா?