புண்ணில் நெளியும் புழு எந்த ஈயுடையது?

கன்றின் தொப்புள் காயாமல் ஈரமாக இருந்தால் போதும். நாயின் காதில் உண்ணி கடித்த இடத்தில் கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் போதும். இரண்டொரு நாளில் அங்கே புழு வைத்துவிடும். ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவோம். விழும் புழுக்களை மிதித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம். ஆனால், வந்தது எந்த ஈ என்பதை அந்தப் புழுவை வைத்துத்தான் சொல்ல முடியும்.

நீலமும் பச்சையுமாக மின்னும் இரண்டு ஈக்கள் நம் ஊரில் உண்டு. பார்வைக்கு அக்கா தங்கை போல இருக்கும். ஒன்று மீன் சந்தையிலும் குப்பையிலும் மொய்க்கும் கிரைசோமியா மெகாசெபாலா. கிரேக்க மொழியில் 'பெரிய தலை' என்று பொருள். இதன் புழு அழுகியதைத் தின்னும். மற்றொன்று கிரைசோமியா பெசியானா. இதன் புழு உயிருள்ள உடலின் சதையைத் தின்றே வளரும். தாய் ஈ புண்ணின் ஓரத்தில் ஒரே நேரத்தில் 150 முதல் 200 முட்டைகள் வரை இடும். ஒரு நாளுக்குள் அவை பொரிந்துவிடும். புழுக்கள் தலையை உள்ளே விட்டு, திருகாணி போலச் சதையைத் துளைத்து இறங்கும். ஆறேழு நாளில் கொழுத்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். கவனிக்காமல் விட்டால் கன்று செத்தே போகலாம்.

பெசியானா என்ற பெயர் இத்தாலிய அறிஞர் மாரியோ பெசியின் நினைவாக 1914இல் வந்தது. பெயர் வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டன், இந்தியாவில் மனிதர், கால்நடைப் புண்களில் பரவலாகக் காணப்படும் புழு இந்த ஈயுடையதே என்று 1920இல் எழுதினார்.

எப்படிப் பிரித்தறிகிறார்கள்? முதிர்ந்த புழுவின் முன்பகுதியில் விரல் போன்ற கிளைகள் கொண்ட மூச்சுத்துளை ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். பெசியானாவில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிளைகள். மெகாசெபாலாவில் ஏறக்குறைய இரு மடங்கு. வளர்ந்த ஈயானால், இறக்கையின் அடியில் உள்ள சிறு மடலைப் பார்ப்பார்கள். பெசியானாவுக்கு அது வெளுப்பாகவும், மற்றதற்குப் பழுப்பேறியும் இருக்கும். உருப்பெருக்கி இல்லாமல், "இது சாதாரண ஈப்புழுதான்" என்று லயத்து வாசலில் நின்று தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெசியானா குடைந்து நாறும் புண்ணைத் தேடி மற்ற ஈக்களும் வந்து முட்டையிடும். மேலாக இருக்கும் புழுவை மட்டும் எடுத்துக்கொடுத்தால் விடை தவறிப்போகலாம். எனவே புண்ணின் ஆழத்திலிருந்து பத்துப் புழுவாவது எடுக்க வேண்டும். கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் போட்டால் அவை சுருங்காமல் விறைக்கும். பிறகு 80 விழுக்காட்டு ஆல்கஹாலில் இட்டு மூடி, தேதி, இடம், எந்தப் பிராணி, உடலின் எந்தப் பகுதி என்று எழுதி ஒட்ட வேண்டும். கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, மாட்டுக்கான மருந்தையும் அங்கேயே கேட்கலாம். சோதனை முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு புழுவுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். உலக விலங்கு நல அமைப்பு தன் நோய்ப்பட்டியலில் இந்த ஈயையும் வைத்திருக்கிறது. இதுவரை இந்த ஈ காலூன்றாத ஆஸ்திரேலியா, அது தன் மாட்டுப் பண்ணைகளுக்குள் வந்துவிடுமோ என்று அஞ்சி, மலேசியாவோடு சேர்ந்து நமக்கு அடுத்த ஜொகூரில், குளுவாங் கால்நடை நிலையத்தில் 1990களில் ஒரு திட்டமே நடத்தியது. கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைப் பறக்கவிடுவது அதன் வழி. பெண் ஈ பெரும்பாலும் ஒரே முறைதான் இணையும். மலட்டு ஆணோடு இணைந்தால் அதன் முட்டைகள் பொரியாது. இது இனம் பார்த்துச் செய்யும் வேலை. மெகாசெபாலாவை மலடாக்கிப் பறக்கவிட்டால் பெசியானா ஒன்றுகூடக் குறையாது.

மனிதர்களிலும் இதே ஈயின் புழு மலேசிய மருத்துவமனைகளில் பதிவாகியுள்ளது. நீரிழிவால் காலில் புண்ணோடு, எழ முடியாமல் படுத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கட்டுப்போட்ட புண்ணைத் தினமும் திறந்து பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். பகலில் கொசுவலையும் கட்டுங்கள். இந்த ஈ பகலில் வருவது.