கடற்கரையில செருப்புக்குக் காவல் யாரு?

தடக்... தடக்... தடக்! எங்க வெண்ணந்தூர்ல அலாரம் வைக்கிற பழக்கமே கிடையாது பாஸ். பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பிச்சா விடிஞ்சாச்சுன்னு அர்த்தம். டூர்னா ஏற்காடு, கொல்லிமலை, மிஞ்சிப்போனா ஒகேனக்கல். கடல்? அது சினிமாவுல ஹீரோ ஓடுற இடம்!

கடலுக்குப் போக எங்களுக்கு ரெண்டு சிக்கல். ஒண்ணு தூரம். இன்னொண்ணு தறி. கூலிக்கு நெய்யுற வீட்டுல சனி, ஞாயிறு எல்லாம் கணக்கே இல்ல. தறி ஓடினா கூலி, நின்னா பூஜ்யம். பாவு தீர்ந்து, அடுத்த பாவு ஏத்துறதுக்கு நடுவுல கிடைக்கிற இடைவெளிதான் எங்க லீவு. எங்க வீடு, எதிர்வீட்டு மாமா வீடு, அப்பாவோட கூட்டாளி பெரியப்பா வீடு... மூணு வீட்டுலயும் ஒரே வாரத்துல பாவு தீரணும்னா எவ்வளவு பிளான் பண்ணியிருப்போம்னு பார்த்துக்கோங்க. வாரா வாரம் வீட்டுக்கு 300 ரூபாய் சீட்டு மாதிரி எடுத்து வெச்சு, எட்டு மாசம் கழிச்சு, போன மே மாசம் வேன் கிளம்புச்சு. 14 பேர். அதுல நாலு வாண்டுங்க. காலேஜ் கோஷ்டி நாங்க மூணு பேர்.

இதுக்கு முன்னாடியும் ஒரு தடவை கடலுக்குப் போனோம், நான் பிளஸ் ஒன் படிக்கும்போது. அந்த போட்டோவை எல்லாம் எடுத்துப் பாருங்க. அப்பா இருப்பாரு, மாமா இருப்பாரு, தலையெல்லாம் மண்ணோட நான் இருப்பேன். அம்மா மட்டும் ஒண்ணுல கூட இல்ல. எங்கேன்னு தேடினா, ஒரு போட்டோவோட ஓரத்துல தெரியறாங்க. சுத்தி 11 ஜோடி செருப்பு, நாலு பை, ஒரு தூக்குவாளி. எல்லாரும் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் காவல்! வேன்ல திரும்பும்போது, "கடல் எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "சத்தம் நல்லா இருந்துச்சு கண்ணு"ன்னாங்க.

அந்த ஒரு வார்த்தை எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதனால இந்தத் தடவை காலேஜ் கோஷ்டி கூடிப் பேசி ஒரு டூட்டி சார்ட் போட்டோம். புளிச்சோறு கட்டுறது அப்பாக்கள் பொறுப்பு (உப்பு ரெண்டு தடவை விழுந்தது தனிக் கதை). வாண்டுங்களும் செருப்பும் எங்க பொறுப்பு. அம்மா, அத்தை, பெரியம்மா, அப்பத்தா நாலு பேருக்கும் ஒரு வேலையும் கிடையாது. இதைச் சொன்னதும் அவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே... யாரும் நம்பல!

போன இடம் தரங்கம்பாடி. நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைன்னு ஒரே ராத்திரி ஓட்டம். விடியறதுக்கு முன்னாடி இறங்கினா, கிழக்குல கடலுக்குள்ளேர்ந்து சூரியன்! 'கோட்டைக்குள்ள என்னடா இருக்கும்'னு அலட்சியமா வந்த மாமாவே வாயைப் பொளந்துட்டாரு. 1620-ல டென்மார்க்காரங்க கட்டின டேன்ஸ்போர்க் கோட்டை அது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட இடம் வாங்கிக் கட்டி, 1845-ல ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. மிளகுக்கும் பருத்தித் துணிக்கும்தான் வந்தாங்கன்னு சொன்னதும் அப்பா, "துணி வாங்கவா கப்பலேறி இத்தனை தூரம் வந்தானுங்க? அப்ப நெய்யறவனுக்கு என்ன கூலி குடுத்திருப்பானுங்க?"ன்னாரு. எந்த கைடும் சொல்லித்தராத கேள்வி!

மே மாசம்னா மத்தியான வெயில்ல மண்ணு தோசைக்கல்லு. அதனால காலையில எட்டு மணிக்குள்ள ஒரு ஆட்டம், சாயந்திரம் நாலரைக்கு மேல ஒரு ஆட்டம். நடுவுல கோட்டை, தூக்கம். மீன் சாப்பிடலாம்னு போனா விலை எகிறிக் கிடந்துச்சு. கிழக்குக் கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுங்க கடலுக்குப் போகக் கூடாதே! இது தெரியாம மீன் கனவோட வந்த பெரியப்பா முகத்தைப் பார்க்கணுமே.

சரி, வாண்டு மேய்க்கிற கதைக்கு வருவோம். ஈஸின்னு நெனச்சோம். இல்ல பாஸ். ஏரியும் கிணறும் பார்த்து வளர்ந்த நமக்குக் கடல் புரியாது. அலை பெருசா உடையற இடம்தான் ஆபத்து, அமைதியா இருக்கிற இடம் சேஃப்னு நெனப்போம். பெரும்பாலும் நேர் எதிர்! ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு, நடுவுல மட்டும் உடையாம கொஞ்சம் கருப்பா ஒரு சந்து தெரிஞ்சா, கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழி அது. ரிப் கரன்ட்னு சொல்வாங்க. அதுல மாட்டினா கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டா கை ஓய்ஞ்சுடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவனையே தோற்கடிக்கிற வேகம் அது. பதறாம மிதக்கணும், கையைத் தூக்கிக் காட்டணும், நீந்தினா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்தச் சந்தை விட்டு வெளியே வரணும். காப்பாத்துறேன்னு நீங்களும் குதிக்காதீங்க. கயிறோ, மூடி போட்ட காலி கேனோ தூக்கிப் போடுங்க.

காத்தடிச்ச டியூபையும் வேன்லயே பூட்டிட்டோம். ஒரே அழுகை! ஆனா விடியக்காலையில காத்து கரையிலேர்ந்து கடலுக்குத்தான் அடிக்கும். டியூப்ல உட்கார்ந்த புள்ளை சத்தமில்லாம உள்ளே போயிடும். சத்தமில்லாமன்னு ஏன் சொல்றேன்னா, மூழ்கற குழந்தை சினிமா மாதிரி கையை ஆட்டிக் கத்தாது. மூச்சுக்கே நேரமிருக்காது, கத்த எங்கே? 14 பேர் நிக்கிற இடத்துல ஒவ்வொருத்தரும் 'இன்னொருத்தர் பார்த்துக்குவாங்க'ன்னு நெனக்கிறதுதான் பெரிய ஆபத்து. அதனால ரெண்டு வாண்டுக்கு ஒரு ஆள், செல்போன் கையில கிடையாது, இருபது நிமிஷம் டூட்டி. மாத்தும்போது "இனி உன் பொறுப்பு"ன்னு வாயைத் திறந்து சொல்லணும். முட்டிக்கு மேல தண்ணி வந்தா ஆட்டம் க்ளோஸ்!

ஓவரா பில்டப் பண்றேன்னு தோணுதா? 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் பீச்ல அலை இழுத்துட்டுப் போய் அஞ்சு பேர் இறந்தாங்க. திருச்சியில மருத்துவம் படிச்சவங்க, ஃப்ரெண்ட் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்க. நம்ம வயசு. கடல் கொந்தளிக்கும்னு முன்னாடியே எச்சரிக்கை வந்திருந்துச்சு. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் மையம் இந்த மாதிரி அலை எச்சரிக்கையை வெளியிடுது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பார்த்துடுங்க. கரையில வலை பிரிச்சுக்கிட்டு இருக்கிறவங்ககிட்டயும் எங்கே இறங்கலாம்னு கேட்டுடுங்க. நாங்க கேட்டோம். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கல்லு கிடக்கு, அங்கே வேண்டாம்னு தள்ளிக் காட்டினாங்க. 1306-ல கட்டின அந்தக் கோயிலோட ஒரு பகுதியையே கடல் தின்னுடுச்சு. 2004 சுனாமியில பழைய நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க, அதுல இந்தக் கரையும் சேர்த்தி. அந்த ஊர்க்காரங்க சொன்னா கேட்டுக்கணும்ல?

முதல் நாள் காலையில அம்மா வழக்கம்போல செருப்பு பக்கத்துல போய் உட்கார்ந்தாங்க. அக்கா (மாமா பொண்ணு, நர்சிங் மூணாவது வருஷம்) போய், "அத்தை, இது எங்க சீட்டு, எந்திரிங்க"ன்னு கிளப்பினா. "பையில பணம் இருக்கு"ன்னாங்க. "தெரியும்." "சின்னவன் தண்ணி குடிக்கல." "குடிச்சுட்டான்." சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லாம அப்பத்தா கையைப் புடிச்சுக்கிட்டு இறங்கினாங்க. முதல் அலை கணுக்கால்ல பட்டதும் ரெண்டு பேரும் போட்ட சத்தத்துல வாண்டுங்களே பயந்துடுச்சுங்க.

அப்பாவுக்கு அடிக்கடி போன் வந்துக்கிட்டே இருந்துச்சு, புதுப் பாவு எப்ப ஏத்தறதுன்னு. அம்மா கடலுக்குள்ள நின்னபடியே திரும்பி, "திங்கக்கிழமைன்னு சொல்லுங்க"ன்னு கத்தினாங்க. பொடவை முட்டி வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. ஒன்பது மணியாச்சு, மண்ணு சுட ஆரம்பிச்சுடுச்சு. கூப்பிட்டோம். வரல.