குடும்பத்தோடு ஒட்டாத இரண்டு உலோகங்கள்

1869ல் தனிம வரிசை அட்டவணையை அமைத்த மெண்டலீவுக்குப் பெரிலியம் ஒரு சிக்கலாக வந்து நின்றது. அதன் நடத்தையைப் பார்த்த பலர், அலுமினியத்தைப் போல அதற்கும் இணைதிறன் 3 என்றே நம்பினார்கள். அப்படியானால் அணு எடை சுமார் 13.5 ஆகும். கார்பனுக்கு 12, நைட்ரஜனுக்கு 14. நடுவே காலி இடமே கிடையாது. இணைதிறன் 2 என்று கொண்டால் எடை 9 ஆகி, லித்தியத்துக்கும் போரானுக்கும் இடையில், மெக்னீசியத்துக்கு நேர் மேலே, கச்சிதமாகப் பொருந்தும். மெண்டலீவ் 9 என்பதையே தேர்ந்தார்.

ஸ்வீடனைச் சேர்ந்த நீல்சனும் பெட்டர்சனும் இதை ஒப்பவில்லை. பெரிலியத்தின் தன்வெப்பத்தை அளந்து, 3 தான் சரி என்று வாதாடினார்கள். பிறகு 1884ல் பெரிலியம் குளோரைடை ஆவியாக்கி அந்த ஆவியின் அடர்த்தியை அளந்தார்கள். விடை 2 என்று வந்தது. தங்கள் கட்சியைத் தோற்கடித்த முடிவைத் தாங்களே வெளியிட்டார்கள். பாடப்புத்தகங்கள் இந்த நேர்மைக்கு ஒரு வரியாவது ஒதுக்கலாம்.

இத்தனை திறமைசாலிகள் குழம்பியதற்குக் காரணம் உண்டு. பெரிலியம் காரமண் உலோகங்களின் தொகுதியில் முதலாவது. ஆனால் கால்சியம் குளிர்ந்த நீரிலேயே வினைபுரியும்; மெக்னீசியம் நீராவியில் வினைபுரியும்; பெரிலியமோ செஞ்சூட்டில்கூட நீராவிக்கு அசைந்து கொடுப்பதில்லை. அலுமினியத்தைப் போலவே மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு அமிலத்தில் மட்டுமே கரையும். பெரிலியம் ஹைட்ராக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அலுமினியத்தின் ஹைட்ராக்சைடும் அப்படித்தான். மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் தடையை மீறிச் சிலர் பயன்படுத்தும் கார்பைடு கல், கால்சியம் கார்பைடு. நீர் பட்டால் அசிட்டிலீன் வாயுவை விடும். பெரிலியம் கார்பைடிலிருந்து வருவது மீத்தேன். அலுமினியம் கார்பைடிலிருந்தும் அதுவே வருகிறது.

போதாக்குறைக்கு, பெரில் என்ற கனிமத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்தே இருக்கின்றன. மரகதமும் பெரிலின் ஒரு வகைதான். காங்கேயம் அருகே படியூரில் கிடைத்த நீலப்பச்சைப் பெரில் பழங்காலத்திலேயே பெயர் பெற்றது. அந்தக் கல்லில் மணி செய்த தடயங்கள் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் கிடைத்துள்ளன. அந்தக் கல்லுக்குள் புதிய தனிமம் ஒன்று ஒளிந்திருப்பதை 1798ல் பாரிசில் கண்டறிந்தவர் வோக்லன். அவர் பிரித்தெடுத்த பொருள் அலுமினியச் சேர்மம் போலவே தோன்றினாலும் அதிலிருந்து படிகாரம் உருவாகவில்லை. அதன் உப்புகள் இனித்தன. அக்கால வேதியியலாளர்கள் எதையும் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். பெரிலியம் கொடிய நச்சு என்பதும், அதன் தூசி நுரையீரலை அரிக்கும் என்பதும் வெகு காலம் கழித்தே தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் வேர், அயனியின் அளவு. பெரிலியம் அயனி, மெக்னீசியம் அயனியில் ஏறத்தாழ பாதிதான். இரண்டிலும் மின்சுமை ஒன்றே. அவ்வளவு சிறிய இடத்தில் குவிந்த நேர்மின்சுமை, பக்கத்து அணுவின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. முழுமையான அயனிப் பிணைப்பு உருவாகாமல், எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பாகிறது. மெக்னீசியம் குளோரைடு உருக 714 டிகிரி செல்சியஸ் வேண்டும். பெரிலியம் குளோரைடு 400ஐ ஒட்டியே உருகிவிடுகிறது. உருகிய பின்னும் அதில் மின்சாரம் நன்றாகப் பாய்வதில்லை.

அட்டவணையில் கீழே இறங்கினால் அயனி பெரிதாகும்; வலப்புறம் நகர்ந்தால் மின்சுமை கூடும். இரண்டும் சேரும்போது, குறுக்காக ஒருபடி தள்ளியுள்ள தனிமத்தோடு சாயல் வருகிறது. மூலைவிட்டத் தொடர்பு என்கிறார்கள். பெரிலியத்துக்கு அலுமினியம் போல, லித்தியத்துக்கு மெக்னீசியம்.

கார உலோகங்களில் முதலாவதான லித்தியம், காற்றில் எரிந்தால் சாதாரண ஆக்சைடைத் தருகிறது. சோடியம் பெராக்சைடையும் பொட்டாசியம் சூப்பராக்சைடையும் தருகின்றன. அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு சேர்வது அந்தத் தொகுதியில் லித்தியம் மட்டும்தான். எண்ணெயிலும் மிதக்கும் அளவுக்கு லேசானது என்பதால் மெழுகு பூசி வைப்பதுண்டு. தண்ணீரில் போட்டால் சோடியம் உருகி உருண்டு ஓடும்; லித்தியம் நிதானமாகக் குமிழிவிடும். அதன் உருகுநிலை 180 டிகிரி, வினையில் வரும் வெப்பம் அதை உருக்குவதில்லை. ஆனாலும் கரைசலில் எலக்ட்ரானை இழக்கும் போக்கு இந்த உலோகங்களில் லித்தியத்துக்கே அதிகம்: அதன் நியம மின்முனை அழுத்தம் மைனஸ் 3.04 வோல்ட். அந்தச் சிறு அயனியை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழும்போது பெரும் ஆற்றல் வெளிப்படுவதே காரணம். வினையின் வேகம் வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சலவைச் சோடா நீரில் தாராளமாகக் கரையும். லித்தியம் கார்பனேட்டோ அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 1.3 கிராம்தான் கரையும். கொதிநீரில் அதுவும் 0.7 கிராமாகக் குறையும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் லித்தியத் தொழில் இந்த விசித்திரத்தை நம்பியே நடக்கிறது. உப்புநீரை மாதக்கணக்கில் வெயிலில் வற்றவிட்டு, தூய்மைப்படுத்தி, சூடாக்கி, சோடா சேர்க்கிறார்கள். சோடியம் கரைசலிலேயே தங்க, லித்தியம் கார்பனேட் வெண்பொடியாகப் படிகிறது. ஒட்டியிருக்கும் மற்ற உப்புகளைக் கழுவ வெந்நீர்தான் ஊற்றுகிறார்கள். குளிர்ந்த நீரில் கழுவினால் லித்தியமும் கூடுதலாகக் கரைந்து போய்விடும்.