உறைபனியில் பதமாகும் உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கு உலகுக்குக் கிடைத்தது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளிலிருந்து. பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையில், சுமார் 12,500 அடி உயரத்தில் டிட்டிகாக்கா ஏரி உள்ளது. அதைச் சுற்றி வாழும் ஐமாரா, கெச்சுவா இன உழவர்கள் இன்றும் இதைப் பயிரிட்டு வருகின்றனர். அங்கே வறட்சியும் உறைபனியும் பயிரை அழிப்பதுண்டு. பஞ்ச காலத்துக்கென அவர்களுடைய முன்னோர் கண்ட சேமிப்பு முறையே ‘சுன்யோ’.

ஜூன், ஜூலை மாதங்களில் அங்கு இரவில் கடும் பனி. பகலில் நல்ல வெயில். அப்போது சிறு கிழங்குகளைத் தரையில் பரப்பி விடுகின்றனர். அவை இரவில் உறைந்து, பகலில் இளகும். சில நாட்களுக்குப் பின் குவித்துக் காலால் மிதித்து, நீரைப் பிழிந்து, தோல் நீக்கிக் காய வைக்கின்றனர். கிழங்கில் சுமார் 80 சதவிகிதம் நீரே ஆதலால் எடை வெகுவாகக் குறைகிறது. நன்கு காய்ந்த சுன்யோ பல ஆண்டுகள் கெடாது. பனியைத் தாங்கி விளையும் கசப்பு ரகங்களைக் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டுக் காய வைத்தால் கசப்பு நீங்கி உணவாகின்றன.

இன்கா அரசர்கள் சுன்யோவைக் கிடங்குகளில் சேமித்தனர். 1545-ல் பொட்டோசியில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. பின்னர் ஸ்பானியர் இம்மக்களைச் சுரங்க வேலைக்குக் கட்டாயமாக இழுத்துச் சென்றனர். அங்கும் அவர்களுக்கு உணவானது சுன்யோதான். அதை விற்று லாபம் கண்டவர்களோ வியாபாரிகள்!

கையில் சுன்யோ இருப்பவர் கிழங்கை வந்த விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் மலைப் பகுதி வெப்பமடைந்து வருவதால் பனி பருவம் தவறுகிறது. உரிய பனி விழாவிட்டால் பரப்பிய கிழங்கு அழுகிவிடும். பயிருக்குப் பகையான பனியையே அவர்கள் இப்போது எதிர்பார்த்துக் காத்திருக்கின்றனர்.