முதுகில் கத்தி வைக்காதே

கான்சாபுரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே மலைதான். போன மாதம் ஒரு சாயங்காலம் அண்ணன் மகன் கையில் உடைந்த மூங்கில் பத்தையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "வில்லு செஞ்சேன் சித்தப்பா. மூணாவது இது. இழுத்தா ஒடஞ்சுருது."

வாங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கத்துத் தோல் முழுக்கச் சீவியிருந்தது. "இதை ஏன்டா சீவினே?" என்றேன். "வழவழன்னு இருக்கட்டும்னுதான்." இரண்டு டீ சொன்னேன். ஒரு டீயில் முடிகிற பேச்சில்லை இது.

கடையில் வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை வளைத்து ஒடித்துப் பார்க்கிறோமே, அது எங்கே முதலில் வெடிக்கிறது? வளைவின் வெளிப்பக்கத்தில். அந்தப் பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது. வில்லும் அப்படித்தான். எய்கிறவனைப் பார்த்த பக்கம் வயிறு, இலக்கைப் பார்த்த பக்கம் முதுகு. நாணை இழுக்கும்போது முதுகு நீளப் பார்க்கிறது, வயிறு சுருங்கப் பார்க்கிறது. முதுகில் ஒரே ஒரு நார் அறுந்திருந்தால் போதும், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

மூங்கிலில் பலம் தோலை ஒட்டித்தான் இருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறையும். அந்தத் தோலைச் சீவிவிட்டு வில் நிற்கவில்லை என்றால் மூங்கில் என்ன செய்யும்? பனையும் இதே சாதிதான்: வெளியே வைரம், நடுவே சோறு. வீட்டுக்குக் கைமரமாகப் போவதும் அந்த வெளி வைரம்தான். நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்குக் குடத்தின் மேல் சாய்த்து வீசுகோலால் தட்டுகிறார்களே, அந்த வில்லையும் பனை வைரத்தில் செய்வதுண்டு. அது எய்கிற வில்லில்லை. ஆனால் மணிகளையும் தாங்கிக்கொண்டு, இறுக்கிய நாணோடு விடிய விடிய நிற்க வேண்டும். சுளுவான வேலை என்று சொல்லிவிட முடியாது.

மலைக்காட்டு மரங்களில் வில்லுக்குப் பேர்போனது சடச்சி. தடசு என்றும் சொல்வார்கள். வடமொழியில் இதற்குப் பெயர் 'தன்வனம்', வில்லுக்கு 'தனுஸ்'. கோடரிக் காம்புக்கும் வண்டி வேலைக்கும் இதைத் தேடுவார்கள், வளைந்து மீளும் என்பதால். நம் பழந்தமிழிலும் 'சிலை' என்றால் வில், சிலை என்றே ஒரு மரமும் உண்டு. மரத்தின் பெயரும் கருவியின் பெயரும் இப்படி ஒன்றாகிப் போனதைப் பார்த்தால், எந்த மரம் உதவும் என்று பலபேர் பலகாலம் உடைத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அவன் மூன்றுதான் உடைத்திருக்கிறான்.

"எவ்வளவு நீளம் வேணும்?" என்றான். உன் உயரத்துக்கு மேல் நாலு விரல் வைத்துக்கொள் என்றேன். நீள வில்லில் வளைவு நெடுக்கப் பகிர்ந்துகொள்ளும். குட்டை வில்லில் எல்லாப் பாரமும் ஓரிடத்தில் விழும். அலெக்சாண்டரின் தளபதி நியார்கஸ் நம் நாட்டுக் காலாள் வீரனின் வில் ஆளுயரம் என்றும், அதைத் தரையில் ஊன்றி இடது காலால் மிதித்து இழுப்பான் என்றும் எழுதியிருக்கிறார். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் கண்டெடுத்த மனிதன் ஐயாயிரம் ஆண்டுக்கும் முந்தியவன். ஆள் 160 செ.மீ., அவன் வில் 182 செ.மீ. எனக்குப் பிடித்தது வேறு: அந்த வில் செதுக்கி முடிக்காதது. தூணியில் 14 அம்பு, எய்யத் தயாராக இருந்தவை இரண்டே. பாவம், அவனுக்கும் வேலை பாக்கி இருந்திருக்கிறது.

இனி வேலை. சாரம் கட்டிக் கழித்த முற்றிய மூங்கில், நன்றாகக் காய்ந்தது, பூச்சி அரிக்காதது. பச்சைக் கம்பு வேண்டாம். நாங்கள் சின்ன வயதில் புளியம் விளாறில் செய்த வில்லெல்லாம் மத்தியானத்துக்குள் வளைந்தது வளைந்தபடியே கிடக்கும். அரிவாளால் பிளந்து, நடுவில் இரண்டு விரல் அகலம், நுனியில் சுண்டுவிரல் அகலம். கணுவை உள்பக்கம் மட்டும் தட்டையாக்கு. வெளிக்கணு இருக்கட்டும், அழகு பார்க்காதே. இரண்டு நுனியிலும் நாண் மாட்ட வெட்டுகிற பள்ளத்துக்குக் குதை என்று பெயர். அதையும் பக்கவாட்டில்தான் வெட்ட வேண்டும்.

பிறகுதான் முக்கியமான கட்டம். நடுப்பிடியைச் சுவரில் ஓர் ஆணியில் தாங்கவிட்டு, நாணில் கயிறு கட்டிக் கீழே மெல்ல இழு. ஐந்தடி தள்ளி நின்று பார். பிடிக்கு இரண்டு பக்கமும் உள்ள வில்லின் கைகள் ஒன்றுபோல் வளைகின்றனவா? விறைத்து நிற்கிற இடத்தில், வயிற்றுப் பக்கம், கண்ணாடிச் சில்லால் நாலு இழுப்புச் சுரண்டு. அதிகம் வளைகிற இடத்தைத் தொடாதே. சுரண்டிய பின் இருபது தரம் இழுத்துவிட்டு மறுபடி பார். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டு நாளில் முடித்தேன் என்று எவனாவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நாணுக்கு நைலான் கயிறு போதும். பழைய நாண் மரல் நாரில் திரித்தது. வேலியோரம் கத்தி கத்தியாக நிற்குமே, அது. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரே 'வில்நாண் சணல்'. இப்போது நர்சரியில் பாம்புச் செடி என்று தொட்டியில் விற்கிறார்கள், அதன் உறவுதான். நாண் முன்கையில் அடிக்காமலிருக்கத் தோலுறை கட்டுவார்கள். அதற்குக் கோதை என்று பெயர். உடும்புக்கும் அதே பெயர், உடும்புத் தோலில் செய்ததால் இருக்கலாம். ஆண்டாள் ஊர்க்காரர்களுக்குக் கோதை என்றால் மாலைதான், அது வேறு கோதை.

அந்த ஆண்டாள் ஊர்ப் பெயரிலேயே வில் இருக்கிறது. வில்லி, கண்டன் என்று இரண்டு வேடர்கள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி கொன்றது. வில்லி காட்டைத் திருத்தி உண்டாக்கிய ஊர் வில்லிபுத்தூர் என்பது கோயில் கதை. டீக்கடைக்கு எதிரே தெரிகிற இந்த மலை 1988இல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். புலி ஜெயித்துவிட்டது, அதுதான் சரியும்கூட. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இப்போது வேட்டை குற்றம். மலையில் சடச்சி வெட்டப் போனாலும் வழக்குத்தான். அம்பில் கட்டுகிற இறகுக்காக மயிலைத் தொடாதே, கோழி இறகு போதும். எய்ய வேண்டுமென்றால் வைக்கோல் படப்பு இருக்கிறது, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத படப்பு. அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடாதே. அந்த விசை முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பும். வேலை முடிந்ததும் நாணை இறக்கிவிடு.

நேற்று நாலாவது வில்லைக் கொண்டுவந்து காட்டினான். மேல்கை இன்னும் கொஞ்சம் விறைப்பு. முதுகில் ஒரு கீறல்கூட இல்லை.